பதினோராம் கட்டம்

அழகாபுரத்தில் ஐந்தாவது வீடு.
கேட்டின் கொண்டியைத் தூக்கும் முன்பே கேள்வி:
"நான்வெஜ் சமைப்பீங்களாம்மா?"

முதல் நான்கு வீடுகளில்
இல்லை என்று பொய் சொன்னேன்.
நம்பினார்கள், பெயர் கேட்கும் வரை.
ஜெசிந்தா என்றதும்
யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.
இன்னும் யோசிக்கிறார்கள்.

அதே இல்லை
மெய்யாகிப்போய் இரண்டு வருடம்.

கால்நடை இன்சூரன்ஸில் வேலை எனக்கு.
காது வில்லை எண், இனம், நிறம், கொம்பின் வளைவு,
எத்தனையாவது ஈற்று, எத்தனை லிட்டர்.
பதினோராம் கட்டம்: ஈன்ற கன்று.
பெண் என்றால் அதற்கும் ஒரு வில்லை வரும்,
மூன்று வருடத்தில் அதுவே ஒரு விண்ணப்பமாகி
என் மேசையில் கொம்பு நீட்டும்.
ஆண் என்றால் ஒரு சின்னக் கோடு.
ஆத்தூர், வாழப்பாடி, ஓமலூர், தாரமங்கலம்,
எந்த ஊர்ப் படிவத்திலும் அதே நீளக் கோடு.

ஒரு மார்ச் கடைசியில், கணக்கு முடிக்கும் இரவில்,
யாரும் கேட்காமலே அவற்றை எண்ணினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
"இதெல்லாம் எங்க சார் போகுது?"
மேனேஜர் டீயின் ஆடையை ஊதி ஒதுக்கினார்.
"ஏன், உனக்குத் தெரியாதா?"

தெரியும்.
அதில் கொஞ்சம் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது,
ஞாயிற்றுக்கிழமை, தேக்கிலைப் பொட்டலத்தில்.

சபதம் ஒன்றுமில்லை.
என் டீ அப்படியே ஆறிப்போனது, அவ்வளவுதான்.

சுகரா என்றாள் சித்ரகலா.
வேண்டுதலா என்றார் டிரைவர் குழந்தைவேலு.
"யாருடி அந்த அய்யர் பையன்?" கண்ணடித்தாள் ரெஜினா.
ஃபேர்லேண்ட்ஸ் கடையில்
பாதாம் பால் காபி இருநூற்று நாற்பது ரூபாய்.
கொண்டுவந்து வைத்த பையன்
"நீங்க வீகனா மேடம்?" என்றான்,
பெரிய கிளப்பில் சேர்ந்துவிட்டவளைப் பார்ப்பதுபோல.
பில்லைப் பார்த்ததும் ராஜினாமா செய்தேன்.
மாலைகளில் இப்போது தட்டுவடை செட்டோடு சரி.
பீட்ரூட், கேரட், இரண்டு சட்னி.
தள்ளுவண்டி அக்கா மட்டும்
காரணம் கேட்டதே இல்லை.

அப்பா நாகலூரில் இருக்கிறார்.
காபிச் செடியைக் கவாத்து வெட்டி வெட்டிக்
காய்த்த கை.
சொன்னதும் நெடுநேரம் சிரித்தார்.
"பாலா? லைன் வீட்டுல பால் ஏது?
நீ பொறந்ததுல இருந்தே வரக்காப்பிதான்.
கறியத்தான் புதுசா விட்டிருக்க, போ."

அடுத்த வாரம் மலையேறிப் போனால்
அடுப்பில் இரண்டு சட்டி.
ஒன்றில் பலாப்பிஞ்சு. அதே மிளகு, அதே மசாலா,
எனக்கானதை முதலில் இறக்கிவிட்டு.
கரண்டி மாறிவிடக் கூடாதென்று
காம்பில் சிவப்பு நூல் வேறு.
"தனி டம்ளர்ல டீ குடிச்சவன் நான்.
இப்ப எம் மகளுக்குத் தனிச் சட்டி வாங்கறேன் பாரு."
சிரிப்பு பாதியில் நின்றது.
பிறகு வந்தது.

தண்டபாணி சாருக்கு என் பெயர்கூடப் பரவாயில்லையாம்.
"சுத்தமா இருந்தா போதும்மா.
நாங்களும் ஒரு எறும்ப மிதிக்க மாட்டோம்."
வெள்ளி டம்ளரில் மோர் வருகிறது.
"அதுவும் குடிக்கறதில்ல சார்."
"மோர்ல என்னம்மா இருக்கு?"

பதினோராம் கட்டம் இருக்கிறது என்று
எப்படிச் சொல்ல?
இந்த மோரும் என் அப்பாவின் கறியும்
ஒரே தொழுவத்தின் முன்வாசலும் பின்வாசலும் என்று?

சாவியை நீட்டுகிறார்.
நல்ல வீடு. தண்ணீர் நிற்காது.
மொட்டை மாடியில் ஏறினால்
ஏற்காட்டு வளைவுகளில் வண்டி விளக்குகள்
ஊர்ந்து இறங்குவது தெரியுமாம்.

"மாசத்துல ஒரு ஞாயிறு எங்க அப்பா வருவார் சார்.
மாட்டுக்கறி ஆக்குவார்.
எனக்குத் தனிச் சட்டி இருக்கு."

சாவி கொஞ்சம் ஆடுகிறது, அவர் விரலிலேயே.

வெளியே நல்ல வெயில்.
ஆறாவது முகவரி, பிழையான படிவம் ஒன்றின்
பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்:
அஸ்தம்பட்டி, முதல் மாடி.
இந்த முறை கொண்டியைத் தூக்கும் முன்பே
நானே சொல்லிவிட வேண்டும்,
அப்பா வருவார்.